காலுக்குக் குட்டி ஸ்டூல், விறாந்தைக்குத் தாழ்ந்த வாங்கு: பழசு வேண்டேக்க என்னத்தைப் பாக்கிறது?

முத்தவெளி | பங்குனி 2

அம்மாவின்ர சாய்மனைக் கதிரைக்கு முன்னால கால் வைக்க ஒரு பழைய குட்டி ஸ்டூல் தேடுறன். ரண்டு அம்பிட்டிருக்கு. ஒண்டு மூண்டு கால், வட்டப் பலகை, கறுப்பு. ஒல்லாந்தர் காலத்துக் கருங்காலி எண்டு விக்கிறவர் சொல்லுறார். மற்றது நாலு கால், பிரம்பு பின்னினது, பலாவாம். மூண்டு கால்தான் பழைய முறை, நாலு கால் பிறகு வந்தது எண்டு நினைக்கிறன், அதால கறுப்பைத்தான் எடுக்கலாம் எண்டிருக்கு. பிழையெண்டால் சொல்லுங்கோ. விறாந்தையில இருக்கத் தாழ்ந்த வாங்கு ஒண்டும் வேணும்.

சீவுளி | பங்குனி 2

காலை எண்ணி வயது சொல்லேலாது. மூண்டு முனை எந்த நிலத்திலயும் படும், அதால ஆடாது. மண் நிலமும் சாணி மெழுகின திண்ணையும் இருந்த இடமெல்லாம் முக்காலி செய்தவை, இப்பவும் செய்யினம். நாலு கால் ஸ்டூல் எகிப்தியக் கல்லறைகளுக்குள்ளயே கிடந்தது.

அம்மாவுக்கெண்டால் முக்காலி வேண்டாம். ஆடாதது வேற, கவிழாதது வேற. ரண்டு காலுக்கு நடுவில விளிம்பை அமத்தினால் முக்காலி பிரளும். வயது போனவை கதிரையால எழும்பேக்க ஸ்டூலில கை ஊண்டுவினம். நாலு கால் உள்ளதா, கால் நுனி மேற்பலகை விளிம்புக்கு நேர கீழ அல்லது அரை அங்குலம் வெளியில நிக்கிறதா எடுங்கோ. கால் உள்வாங்கி நிக்கிற ஸ்டூல் பாக்க வடிவு, ஆனா பூச்சாடிக்குத்தான் சரி.

வயது, மரம், ஒல்லாந்தர் எல்லாம் பிறகு. முதல் உயரம். கதிரையின்ர முன்சட்டம் நிலத்திலயிருந்து எத்தனை அங்குலம் எண்டு அளவுங்கோ. ஸ்டூலின்ர மேல்மட்டம் அதைவிட ஒண்டு, ரண்டு அங்குலம் பதிவா இருக்கவேணும். உயர்ந்து போனால் முழுப் பாரமும் குதிக்காலில இறங்கும், முழங்கால் மடிப்பு அந்தரத்தில நிக்கும். அரை மணித்தியாலத்தில நாரி உளையும். கனக்கப் பதிஞ்சால் முன்சட்டம் தொடையின்ர அடியை வெட்டும். கதிரையில இருக்கேக்க பாதம் நிலத்தில முட்டாத ஆளுக்கு வேண்டியது வேற சாமான்: 3 தொடக்கம் 6 அங்குல உயரத்தில ஒரு பலகை, பாதம் தட்டையா நிக்க. ரண்டையும் குழப்பாதேங்கோ.

ஒண்டு கேக்க மறந்திட்டன். கதிரையின்ர கைப்பலகைக்குக் கீழ மடிஞ்சு கிடக்கிற நீட்டுச் சட்டம் இருக்கோ? திருப்பி முன்னுக்கு எடுத்தால் ரண்டு காலையும் அதில போடலாம். கன வீடுகளில அது ஆணி துருப்பிடிச்சு இறுகி, இருக்கிறதே தெரியாமல் கிடக்கு.

முத்தவெளி | பங்குனி 3

நீட்டுச் சட்டம் இல்லை. முன்சட்டம் பதினாலரை. கறுப்பு 11, பிரம்பு 13. கறுப்பைக் கவிழ்த்து எடுத்த படம் போட்டிருக்கிறன்.

சீவுளி | பங்குனி 3

கவிழ்த்து எடுத்தது நல்லது. மேல்பக்கத்தை எப்பிடியும் வடிவாக்கலாம், அடிப்பக்கத்தில ஆரும் அவ்வளவு மினக்கெடுறேல்ல.

படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன். ஒவ்வொரு காலும் பலகையோட சேருற இடத்தில ஒரு இரும்புத் தகடு, தகட்டுக்கு நாலு திருகாணி, தலையில கூட்டல் அடையாள வெட்டு. அந்த வெட்டு அமெரிக்காவில 1930களில வந்தது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்சது 1658, இங்கிலீசுக்காரரிட்டக் குடுத்தது 1795. ஸ்டூலின்ர காலை இறுக்க ஆரும் பிறகு திரும்பி வந்தினமோ தெரியாது.

திருகாணியை ஆரும் பிறகு மாத்தியிருக்கலாம், அது தனியச் சாட்சியாகாது. ஆனா பலகையில வாள் பட்ட கீறுகள் வளைவா ஓடுது. அது வட்ட வாள். கைவாள் எண்டால் கீறு நேராயும் இடைவெளி ஒழுங்கில்லாமலும் இருக்கும். வட்ட வாள் பரவலா வந்தது 19ஆம் நூற்றாண்டில. அடுத்தது, அடிப்பக்கமும் மேல் மாதிரியே கறுப்பு. பழைய ஓடாவிமார் கண்ணில படாத பக்கத்துக்குப் பொலிஷ் அடிக்கிறது குறைவு. அங்க மரம் காத்துப் பட்டுத் தன்ர பாட்டில மங்கிக் கிடக்கும். இடது கைப்பக்கக் காலின்ர மூலையைப் பாருங்கோ, ஒரு சொட்டு மை ஒழுகி வந்து தகட்டில முட்டிக் காய்ஞ்சிருக்கு. கருங்காலி ஒழுகாது.

இன்னும் சந்தேகமெண்டால் தராசில வையுங்கோ. கருங்காலி தண்ணியில தாழுற மரம். 12 அங்குல வட்டம், ஒண்டேகால் அங்குலத் தடிப்பெண்டால் பலகை மட்டும் இரண்டரைக் கிலோ வரவேணும். ஒண்டரைக்குள்ள நிண்டால் சாயம் பூசின லேசான மரம். பிறகு வட்டத்தை நாரோட்டத்தின்ர வழியாயும் குறுக்கயும் அளவுங்கோ. மரம் சுருங்கிறது குறுக்க. நீளவாட்டில சுருக்கம் இல்லையெண்டே சொல்லலாம். அதால கனகாலம் கிடந்த வட்டம் குறுக்க ஒரு நூலாவது (அங்குலத்தில எட்டிலொண்டு) குறைஞ்சிருக்கும். ரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒண்டெண்டால் கிட்டடியில கடைஞ்சது.

ஓட்டுவீடு | பங்குனி 3

திருகாணியில முனையையும் பாக்கலாம். ஊசி முனையுள்ள மரத் திருகாணி யந்திரத்தில வந்தது 1840களில. அதுக்கு முந்தினது மொட்டை முனை, தலையில வெட்டும் நடுவில இராது. ஆனா ஒண்டைக் கழட்டிப் பாக்க விக்கிறவர் விடவேணுமே.

சீவுளி | பங்குனி 4

விடாட்டி அதுவும் ஒரு பதில்தான்.

பிரம்புக்கூடை | பங்குனி 5

பிரம்பு ஸ்டூலைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. முதல் அது கையால பின்னினதோ, யந்திரத்தில பின்னின பாயை வெட்டிப் பதிச்சதோ எண்டு பாருங்கோ. கைப்பின்னல் எண்டால் சட்டத்தைச் சுத்தி அரை அங்குலத்துக்கு ஒரு ஓட்டை இருக்கும், பிரம்பு ஒவ்வொரு ஓட்டையாலயும் இறங்கி ஏறியிருக்கும். பதிச்சதெண்டால் ஓட்டை இல்லை. சுத்திவர ஒரு தவாளிப்பு, அதுக்குள்ள பிரம்புக் கீலம் அடிச்சு இறுக்கியிருக்கும். எட்டுமூலைக் கண் வாற கைப்பின்னலில ஆறு ஓட்டம்: நெடுக ரண்டு, குறுக்க ரண்டு, மூலைவாட்டில ரண்டு. மூலைவாட்டு ஓட்டத்தைத் தவிர்த்து நாலோட நிப்பாட்டினதும் சந்தையில விக்குது. அது சதுரக் கண்ணா நிக்கும், ஒரு வருசத்தில தொய்யும்.

நடுவை அமத்திப் பாக்கிறதில பிரயோசனமில்லை. பிரம்பு முதல் அறுகிறது சட்டத்தின்ர உள்விளிம்பில, பாரம் வளையிற இடத்தில. பெருவிரலை விளிம்போட ஓட்டிக்கொண்டு போங்கோ. மூண்டு நாலு இழை அறுந்திருந்தால் ஒட்டுப் போடாதேங்கோ, புது இழை பழசை இழுத்து அறுக்கும். முழுக்கப் பின்னுறதுதான் வழி.

அறாமல் தொய்ஞ்சு மட்டும் கிடந்தால் சுகம். கவிழ்த்து வைச்சு, சுடுதண்ணியில நனைச்ச துணியை அடிப்பக்கம் அரை மணித்தியாலம் போட்டு எடுங்கோ. மினுங்கிற மேல்தோல் தண்ணி குடியாது, அதால மேல ஊத்திப் பலனில்லை, பொலிஷ் வெளிறினதுதான் மிச்சம். ஒரு இரவு நிழலில விடக் காய்ஞ்சு இறுகும். வெயிலில வைச்சால் நொருங்கும்.

கால் வைக்கப் பிரம்பு நல்லது, வேர்க்காது. ஆனா குதிக்கால் ஒரே இடத்தில நிக்கிறதால மெல்லிய மெத்தை ஒண்டு போடுங்கோ. அதில ஏறி பல்ப் மாத்தக் கூடாது எண்டு வீட்டில எல்லாருக்கும் சொல்லி வையுங்கோ.

முத்தவெளி | பங்குனி 6

சீவுளி அண்ணை, பிரம்பு ஸ்டூலின்ர சட்டத்தைத் தட்டினால் மாவு கொட்டுது. ஒரு காலில ஊசி ஓட்டையளும் கிடக்கு.

சீவுளி | பங்குனி 6

உளு, மரம் துளைக்கிற வண்டு. பயப்பட முந்தி அது உயிரோட இருக்கோ, பழைய காயமோ எண்டு பாக்கவேணும். தட்டித் துடைச்சு, ஸ்டூலுக்குக் கீழ கறுப்புக் கடதாசி விரிச்சு, ஆளசையாத இடத்தில ரண்டு கிழமை விடுங்கோ. ஓட்டையளுக்கு நேர கீழ வெளிர் மாவு குவிஞ்சால் உள்ளுக்கு வேலை நடக்குது. கடதாசி சுத்தமெண்டால் அது பழைய கதை.

ஒரு மில்லிமீற்றர் ஓட்டையும் பவுடர் மாதிரி மாவும் எண்டால் அந்த வண்டு தின்னிறது மரத்தின்ர வெளி வெள்ளைப் பாகத்தை, நடு வைரத்தில வாய் வைக்கிறேல்ல. ஊசியால குத்திப் பாருங்கோ. விளிம்பில வெள்ளை வரியில மட்டும் இறங்கி, நடுவில நிண்டால் கால் பலமாத்தான் இருக்கு. கால் மேற்சட்டத்துக்குள்ள நுழையிற கழுந்தில இறங்கினால் விட்டிடுங்கோ. அந்த இடம் மாவானால் வெளியில என்ன பூசியும் கால் நிக்காது.

மண்ணெண்ணெய் பூசினால் மேல கிடக்கிறது சாகும், உள்ளுக்குக் கிடக்கிற புழுவுக்கு வாசம்தான் போகும். வெண்காரம் ஒண்டரைப் பங்கு, போரிக் அமிலம் ஒரு பங்கு, இந்தக் கலவையில 100 கிராம் ஒரு லீற்றர் சுடுதண்ணியில கரைச்சு, பொலிஷ் இல்லாத வெறும் மரத்தில மூண்டு தரம் பூசுங்கோ, ஒவ்வொரு தரமும் ஈரம் இழுத்த பிறகு. பொலிஷுக்கு மேல பூசினால் வழிஞ்சு போகும். ஓட்டையளுக்குள்ள மருந்தூசியால விடலாம். பிள்ளையள், நாய், பூனை காயும்வரைக்கும் கிட்டப் போகக்கூடாது.

பொலிஷைக் கெடுக்க விருப்பமில்லையெண்டால் குளிர்: பொலித்தீனில ரண்டு சுத்துச் சுத்தி, காத்து எடுத்து ஒட்டி, மைனஸ் 18 பாகையில ரண்டு கிழமை. வெளியில எடுத்தவுடன பிரிக்காதேங்கோ, ஒரு நாள் அப்பிடியே கிடக்கட்டும். பிரிச்சால் குளிர் மரத்தில எங்கட காத்தின்ர ஈரம் முழுக்கப் படியும், பொலிஷ் வெள்ளை பாயும். மீன்காரரின்ர பெட்டி கேட்கப் போறியள் எண்டால் மூண்டு சுத்து.

ஓட்டுவீடு | பங்குனி 8

உளு வேற, கறையான் வேற. கறையானுக்கு முந்தி கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துக்குள்ள நிப்பாட்டுறவை. அதைச் செய்தால் காணாதோ?

சீவுளி | பங்குனி 8

கறையான் ஏறாது, ஆனா கால் அழுகும். காலின்ர அடி வெட்டுமுகம் நார்வழியாத் தண்ணியை உறிஞ்சும். பழைய ஸ்டூல்களில ஒரு அங்குலம் கறுத்து இத்துக் கிடக்கிற கால் நுனி பெரும்பாலும் நிலம் துடைச்ச தண்ணியால வந்தது. கவிழ்த்து, வெட்டுமுகம் நாலையும் நல்லாக் காயவிட்டு, ஸ்பிரிட்டில கரைச்ச அவலரக்கை அது குடிக்கும்மட்டும் பூசுங்கோ. நாலைஞ்சு தரம் இழுக்கும். பிறகு தேன்மெழுகு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முந்தி இதைச் செய்திடவேணும்.

ஆட்டத்துக்கும் ஒரு சொல். ஸ்டூல் ஆடினால் உடன ஒரு காலை அறுக்கிற பழக்கம் கெட்டது. அதே இடத்தில கால்வட்டம் திருப்பி வையுங்கோ. ஆட்டம் ஸ்டூலோட சேர்ந்து திரும்பினால் பிழை ஸ்டூலில, நிண்ட இடத்திலயே நிண்டால் பிழை மாபிளில. ஸ்டூலில எண்டாலும் முதல் மூட்டுகளைப் பாக்கவேணும். ஒரு மூட்டுக் கழண்டு சட்டம் முறுகினாலும் கால் கட்டையா நிக்கும். அந்த நேரம் அறுத்தால், மூட்டு இறுக்கின பிறகு மற்றப் பக்கம் ஆடும்.

பிரம்புக்கூடை | பங்குனி 9

மூட்டு இறுக்கிறதெண்டால் ஆணி அடிக்காமல் செய்யிற முறையையும் எழுதுங்கோ அண்ணை. ஊரில முக்கால்வாசி ஸ்டூல் செத்தது ஆணியாலதான்.

சீவுளி | பங்குனி 9

பழைய சாமானில ஒட்டு வச்சிரம், தோல், எலும்பு காய்ச்சி எடுக்கிற பசை. அது சூடும் ஈரமும் பட்டால் இளகும், அதுதான் அதின்ர நல்ல குணம். சுடுதண்ணித் துணியை மூட்டில சுத்தி வைச்சு, இளகினவுடன மர மொட்டானால மெல்லத் தட்டிக் கழட்டலாம். பழைய பசையை வெந்நீரால கழுவித் துடைச்சு, ஒரு நாள் காயவிட்டு, புது வச்சிரம் சூடாப் பூசிச் சேர்த்து, கயிறு போட்டு முறுக்கி ஒரு நாள் விடுங்கோ. கழுந்து தளர்வெண்டால் அதே மரத்தில சீவல் எடுத்துச் சுத்தி ஒட்டித் தடிப்பாக்கிப் போட்டு இறுக்குங்கோ. ரண்டு குழாய் கலந்து ஒட்டுற பசை வேண்டாம். அடுத்த தரம் கழட்ட வழியிராது, மூட்டு விடாமல் மரம் பிளக்கும்.

ஆணி ஏன் கூடாதெண்டால், மரம் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும், ஆணி அசையாது. நாலைஞ்சு வருசத்தில ஆணியின்ர ஓட்டை பெருக்கும், கழுந்து நெடுக வெடிக்கும், இரும்பு துருப்பிடிச்சு மரத்தையும் கறுப்பாக்கும்.

ஓட்டுவீடு | பங்குனி 13

நான் பாக்கிறது வேற: மெத்தை வைச்ச வட்ட ஸ்டூல், 14 அங்குலக் குறுக்களவு, 6 அங்குலம் உயரம், உருண்டைக் கால். மேல றெக்சின். விக்டோரியா மகாராணி காலமாம்.

சீவுளி | பங்குனி 13

அந்த அளவும் உருண்டைக் காலும் விக்டோரியா காலத்து மாதிரிதான், ஆனா அந்த மாதிரி இண்டைக்கும் கடையிது. மாதிரி வேற, காலம் வேற. றெக்சினை நம்பவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். மேல்துணி எத்தனையோ தரம் மாறியிருக்கும். அடித்துணியில ஒரு மூலையைக் கிளப்பி உள்ளுக்குப் பாருங்கோ. தும்போ குதிரைமயிரோ, சணல் பட்டியோ இருந்து, சட்டத்தில ஆணி அடிச்ச பழைய ஓட்டைகள் வரிசை வரிசையாத் தெரிஞ்சால் கனதரம் துணி மாத்தின பழைய சட்டம். ஒரே ஒரு வரிசை, அதுவும் கம்பிப் பின், மேல மஞ்சள் ஸ்பொஞ் எண்டால் 1950களுக்குப் பிறகு. சுருள்வில் இருந்தால் 19ஆம் நூற்றாண்டுக்கு முந்திப் போகாது. அடியில ஒட்டுப்பலகை எண்டால் விக்டோரியாவைக் கூப்பிடவே வேண்டாம்.

பிரிக்கிறதெண்டால் முத்தத்தில, மூக்கு வாய் கட்டிக்கொண்டு பிரியுங்கோ. உள்ளுக்குக் கிடக்கிற தும்பு தூளாகியிருக்கும். புதுசாப் போடேக்க தும்பு அமத்தினால் பாதியாகும், அதால ரண்டங்குலம் வேணுமெண்டால் நாலங்குலம் அடையவேணும். அதுக்கு மேல இலவம்பஞ்சு அரை அங்குலம், குத்தாமல். சணல் பட்டியை ஒண்டுக்குள்ள ஒண்டு பின்னி இழுங்கோ, 14 அங்குலத்துக்கு நெடுக மூண்டு, குறுக்க மூண்டு. பின்னாமல் ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் நடு குழியும்.

பெயின்ற் அடிச்ச பழைய ஸ்டூல் வேண்டினாலும் ஒரு கவனம். பழைய பெயின்றில ஈயம் இருக்கலாம். காய்ஞ்சபடி அரத்தாள் போடாதேங்கோ, நனைச்சு உரஞ்சி, துணியோட எறியுங்கோ.

முத்தவெளி | பங்குனி 17

வாங்கு கேட்டது அப்பிடியே நிக்குது.

சீவுளி | பங்குனி 17

வாங்குக்கு முழங்காலைக் கேளுங்கோ. இருக்கிற ஆளின்ர முழங்கால் மடிப்பைவிடக் கனக்கப் பதிஞ்சால் எழும்பிறது பாடு. மணைப்பலகை 2 அங்குலம், துருவலை 5, 6 அங்குலம். குந்திப் பழகின கால்களுக்கு அது சரி. விறாந்தையில பேப்பர் வாசிக்க, வாறவை இருக்க, 15 அல்லது 16 அங்குலம். 12 அங்குல வாங்கு சின்னப் பிள்ளையளுக்கும் செருப்புக் கழட்டவும்தான். உயர்ந்த பழைய வாங்கை வேண்டிக் காலைக் குறைக்கலாம் எண்டு போகாதேங்கோ. கீழ ஓடுற குறுக்குச்சட்டம் நிலத்துக்குக் கிட்ட வந்திடும், அறுத்ததை ஒட்டவும் ஏலாது.

மரம்: விறாந்தையில சாரல் அடிக்கும், அதால முதிரை, வேம்பு, பனை, தேக்கு. முதிரை பொன் மஞ்சள், ஒரு ஆள் தூக்கேக்கயே பாரம் தெரியும். அதை உரஞ்சிற தூள் சிலருக்குத் தோலில கடியும் தடிப்பும் குடுக்கும், கைமுட்ட உடுப்புப் போடுங்கோ. பனை எண்டால் கறுப்பு நார் நெருக்கமா ஓடுற வெளிப்பாகமா பாருங்கோ, நடுச்சோத்திப் பக்கம் வாங்குக்கு உதவாது. விளிம்பு மழுக்காட்டிச் சிராய் ஏறும், இருக்கிறவைக்குத்தான் தெரியும் எங்கயெண்டு.

இன்னுமொண்டு. கவிழ்த்துப் பாக்கேக்க எழுத்து இருந்தால் வாசியுங்கோ. வீட்டுக்காரரின்ர முன்னெழுத்து, பள்ளிக்கூடம், கோயில், வாசிகசாலை எண்டு பெயின்றில எழுதியிருக்கும். 1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாண இடப்பெயர்வோட பூட்டிக் கிடந்த வீடுகளில சாமான் என்ன பாடு பட்டதெண்டு எல்லாருக்கும் தெரியும். ஆரிட்டயிருந்து வந்ததெண்டு விக்கிறவர் சொல்லவேணும். அடியில ஒரு துண்டு மட்டும் உளியால புதுசாச் சுரண்டி வெளிறிக் கிடந்தால், எவ்வளவு மலிவெண்டாலும் எனக்கு வேண்டாம்.

ஓட்டுவீடு | பங்குனி 18

லண்டனுக்குக் கொண்டு போறவை?

சீவுளி | பங்குனி 18

உண்மையிலயே பழசெண்டால் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கு, தொல்பொருள் திணைக்களத்தின்ர அனுமதி எடுக்காமல் பெட்டிக்குள்ள போடாதேங்கோ. அவுஸ்திரேலியாவுக்கெண்டால் பூச்சி ஓட்டை, மண், பட்டை கண்டால் மறிப்பினம். உளு மாவு ஒரு சிட்டிகை காணும், முழுச் சாமானும் நிக்கும்.

முத்தவெளி | பங்குனி 21

ரண்டு கிழமை முடிஞ்சுது, கடதாசியில ஒண்டும் இல்லை. ஊசி வெள்ளை வரியில மட்டும்தான் இறங்கிச்சு. பிரம்பு ஸ்டூலை எடுக்கிறன். அம்மாவுக்குப் பின்னேரத்தில கால் வீங்கிறது, மேல ரண்டங்குல ஸ்பொஞ் மெத்தை போடட்டோ?

பிரம்புக்கூடை | பங்குனி 21

ரண்டங்குலம் கூட. ஸ்டூல் 13. ரண்டங்குல ஸ்பொஞ் கால் பாரத்துக்கு ஒண்டுக்கு மேல அமத்தாது, 14 ஆகும். கதிரைச் சட்டம் பதினாலரை, இடைவெளி அரை அங்குலம்தான். ஒரு அங்குலம் போடுங்கோ, அமத்தினால் பதின்மூண்டரை, ஒரு அங்குலம் பதிவா நிக்கும்.

சீவுளி | பங்குனி 22

கணக்குச் சரி. வீக்கத்துக்கு ஸ்டூலை நம்பாதேங்கோ. நெஞ்சு மட்டத்துக்கு மேல கால் வந்தால்தான் வத்தும், அதுக்குப் படுத்துக் காலுக்குத் தலையணை வைக்கவேணும். நாள்தோறும் வீங்கினால் டொக்டரிட்டக் காட்டுங்கோ.

மெத்தைக்கு நாலு மூலையிலயும் நாடா வைச்சுத் தையுங்கோ, நாடாவைக் காலில கட்டுங்கோ, பிரம்பில கட்டாதேங்கோ. கட்டாட்டி முதல் நாளே வழுக்கும்.